120 நிறைந்தும் ஒரு கட்டம் காலி

பதிவாளர் அலுவலகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என் மதிப்பெண் தாளைத் திருப்பி என் பக்கமாக வைத்து, பேனா முனையால் ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். மற்ற எல்லாக் கட்டங்களிலும் பாடத்தின் பெயரும் கிரேடும் இருந்தன. அந்த ஒன்று மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. இது இல்லாமல் பட்டம் கொடுக்க முடியாது என்று மலாயில் மெதுவாகச் சொன்னார்.

நான் 120 கிரெடிட் முடித்திருந்தேன். மூன்று முறை கூட்டிப் பார்த்திருந்தேன். இறுதியாண்டுக் கண்காட்சி முடிந்து, சுவரிலிருந்து என் வேலைகளைக் கழற்றிச் சுருட்டி வைத்தாயிற்று. எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் அம்மா பட்டமளிப்பு விழாவுக்குப் புடவை எடுத்து, ரவிக்கையும் தைக்கக் கொடுத்துவிட்டார். இது 2018-இல்.

இப்போது ஈப்போவில் உணவுப் பொட்டலங்களுக்கு வடிவமைப்பு செய்கிறேன். வார இறுதியில் ஊருக்கு வந்தால் யாராவது ஒரு பிள்ளை கையில் படக்கட்டோடு வீட்டுக்கு வருகிறது. "அக்கா, எந்த காலேஜ் நல்ல காலேஜ்?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு நான் நேராகப் பதில் சொல்வதில்லை. எந்தெந்தப் பாடம், எந்த செமஸ்டரில், எத்தனை கிரெடிட் என்று போட்டிருக்கும் தாளை வாங்கிக்கொண்டு வா, பிறகு பேசலாம் என்கிறேன். அந்தத் தாளைப் படிக்கத் தெரியாமல் நான் பட்டதை எழுதுகிறேன்.

ஆயா பால்மரம் வெட்டினவர். அம்மா காலத்தில் ரப்பர் போய் செம்பனை வந்துவிட்டது. அம்மா உதிரிப் பழம் பொறுக்கினார். வீட்டில் பட்டப்படிப்பு என்று யாரும் போனதில்லை. மாமா மட்டும் பெயர்ப்பலகை எழுதுவார். தோட்டத்துக் கோயில் திருவிழா வந்தால் வாசலில் கட்டும் துணிப் பதாகை அவர் கையெழுத்துதான். சாய டின்னைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் நிற்பேன். 'ழ'வின் வாலைத் தூரிகையைத் தூக்காமல் ஒரே இழுப்பில் இழுப்பார். எனக்கு எழுத்தின் மேல் ஆசை வந்தது அங்கேதான்.

இடைநிலைப்பள்ளியில் படிவம் ஐந்து முடிவில் எழுதும் அரசுத் தேர்வு எஸ்.பி.எம். அதை 2013-இல் எழுதினேன். கோலாலம்பூரில் ஒரு தனியார் கலை வடிவமைப்புக் கல்லூரியின் அடிப்படைப் படிப்புக்கு, அதாவது அஸாசிக்கு, 5 கிரெடிட் கேட்டார்கள். என்னிடம் சரியாக ஐந்துதான் இருந்தன: காட்சிக்கலை, ஆங்கிலம், கணிதம், நன்னெறி, தமிழ்மொழி. தமிழ்மொழிப் பாடத்தை விட்டுவிடு, அது எதற்கும் உதவாது என்று படிவம் நான்கில் எனக்குச் சொன்னவர்கள் உண்டு. அதை விட்டிருந்தால் எனக்கு நான்குதான் இருந்திருக்கும், கதவே திறந்திருக்காது. தமிழ் எடுக்கத் தயங்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் இதை விடாமல் சொல்லி வருகிறேன்.

மலாய்மொழியில் 'டி' வாங்கினேன். தேர்ச்சிதான், ஆனால் கிரெடிட் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கிரெடிட் என்ற சொல்லிலேயே முதல் குழப்பம் தொடங்கியது. எங்கள் வீட்டில் கிரெடிட் என்றால் மளிகைக் கடைப் புத்தகத்தில் எழுதி வைக்கும் கடன். எஸ்.பி.எம்.மில் அது ஒரு பாடத்தில் 'சி'க்குக் குறையாமல் எடுப்பது. கல்லூரியில் அதே சொல் ஒரு பாடத்தின் எடை. "அஞ்சு கிரெடிட் வாங்கவே இவ்வளவு கஷ்டப்பட்டாள், 120 எப்படி வாங்கப் போகிறாள்?" என்று அப்பா உண்மையாகவே கவலைப்பட்டார். அவருக்கு யாரும் விளக்கவில்லை. எனக்கும் அப்போது விளக்கத் தெரியவில்லை.

விளக்கம் இதுதான். மலேசியத் தகுதி முகமை, எம்.கியூ.ஏ. என்போமே, அது ஒரு கிரெடிட்டை 40 மணி நேரப் படிப்பாகக் கணக்கிடுகிறது. வகுப்பில் உட்காரும் நேரம், அறையில் வரையும் நேரம், வெட்டி ஒட்டும் நேரம், தேர்வுக்குப் படிக்கும் நேரம் எல்லாம் அதில் அடக்கம். 3 கிரெடிட் பாடம் என்றால் 120 மணி. 14 வாரத்தில் வகுத்தால் வாரத்துக்கு எட்டரை மணி. ஒரு செமஸ்டரில் அப்படி ஐந்து பாடம் எடுத்தால் வாரம் 40 மணியைத் தாண்டிவிடும். முழுநேர வேலைக்குச் சமம். இது தெரியாமல் முதல் செமஸ்டரில் வாரத்துக்கு நான்கு இரவு ஓர் உணவுக்கடையில் வேலைக்கு ஒப்புக்கொண்டேன். ஆறாவது வாரம் வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். அதன் பிறகு சனி, ஞாயிறு மட்டும் போனேன். பகுதிநேர வேலை பார்த்துப் படிக்கலாம் என்று கணக்குப் போடும் வீடுகள் முதலில் இந்த 40 மணியைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட், டிப்ளோமாவுக்கு 90. டிப்ளோமாவுக்கு எஸ்.பி.எம்.மில் 3 கிரெடிட் போதும். கலைப் படிப்பு என்பதால் வரைந்த படங்களின் தொகுப்போ நேர்காணலோ கூடவே இருக்கும். டிப்ளோமா முடித்துப் பட்டத்துக்குப் போனால் சில பாடங்களைக் கழித்துக்கொள்வார்கள். எல்லாவற்றையும் கழிக்க மாட்டார்கள். எவற்றை என்று சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணம் நெருக்கடியாக இருந்தால் படிவம் ஆறையும் பாருங்கள். அதன் முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வில் காட்சிக்கலை ஒரு பாடமாகவே இருக்கிறது. அங்கிருந்து அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கை முறையான யூ.பி.யூ. வழியாகப் பினாங்கு யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்தின் கலைப்பள்ளிக்கோ சரவாக்கின் யூனிமாஸ் பல்கலைக்கழகத்துக்கோ விண்ணப்பிக்கலாம். கலை ஆசிரியராக விரும்புகிற பிள்ளைக்குத் தஞ்சோங் மாலிமில் யு.பி.எஸ்.ஐ. பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் ஊரிலிருந்து ஒரே ரயில் பாதை.

நான் தனியார் கல்லூரிக்கே போனேன். அஸாசி ஆண்டுக்கு அம்மாவின் சீட்டுப் பணம். அதன் பிறகு அரசின் உயர்கல்விக் கடன் நிதியான பி.டி.பி.டி.என். கடன்.

படம் நன்றாக வரைகிற பிள்ளைகளுக்கு முதல் ஆண்டு மிகவும் கசக்கும். எனக்கும் கசந்தது. சுவரொட்டி செய்யப் போகிறோம், சின்னம் வரையப் போகிறோம் என்று போனால், கறுப்பிலிருந்து வெள்ளைவரை ஒன்பது படி சாம்பல் கலக்கு என்றார்கள். போஸ்டர் சாயம், சிறு கிண்ணம், இரண்டு சென்டிமீட்டர் சதுரங்கள். நான்கு முறை செய்தேன். விரிவுரையாளர் தாளைத் தூரத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொன்னார். என் ஆறாவது படியும் ஏழாவது படியும் ஒன்றாகிவிட்டன. ஈரத்தில் வேறாகத் தெரிந்தவை காய்ந்ததும் ஒரே நிறமாகியிருந்தன. ஐந்தாவது முறை, சாயம் காயும்வரை காத்திருந்து, ஒவ்வொரு படியையும் பக்கத்துப் படியோடு ஒட்டிப் பார்த்துக் கலந்தேன். இன்று அச்சகத்திலிருந்து வரும் மாதிரித் தாளில் சிவப்பு கொஞ்சம் மங்கினாலும் என் கண் பிடித்துவிடுகிறது. அந்தக் கண் அந்தச் சதுரங்களில் வந்தது.

இப்படி எல்லாத் துறைக்கும் பொதுவாக ஒரு தொடக்கப் பயிற்சி வைப்பது, 1919-இல் ஜெர்மனியின் வைமார் நகரில் வால்டர் குரோப்பியஸ் தொடங்கிய பௌஹௌஸ் பள்ளியிலிருந்து உலகமெங்கும் பரவிய வழக்கம். அங்கே யோஹன்னஸ் இட்டன் நடத்திய ஆரம்ப வகுப்பில் நிறம், வடிவம், பொருளின் தன்மை ஆகியவற்றைத் தொட்டுப் பழகிய பிறகுதான் பட்டறைகளுக்குள் போகலாம். நாங்கள் செய்த கோட்டோவியம், நிறக் கோட்பாடு, தட்டை வடிவமைப்பு, முப்பரிமாண வடிவமைப்பு எல்லாம் அந்த வழியில் வந்தவை. முதல் ஆண்டுப் பாடங்களைப் பார்த்து இது எனக்கு எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்வேன்.

கலை வரலாறும் அப்படித்தான். எழுத்து வேலை அதிகம் என்று பலர் ஓடுவார்கள். எங்களை 1958-இல் தொடங்கிய தேசியக் கலைக்கூடத்துக்கு அழைத்துப்போய், ஒரு மலேசிய ஓவியரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் சையத் தாஜுடீனைத் தேர்ந்தெடுத்தேன். 1943-இல் தமிழ்நாட்டில் பிறந்து, மலாயாவுக்கு வந்து, சென்னைக் கலைக் கல்லூரியில் படித்துத் திரும்பியவர். அந்தச் சென்னைப் பள்ளி 1850-லேயே தொடங்கியது என்பது அந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் தெரிந்தது. கலைப்படிப்பு நமக்குச் சம்பந்தமில்லாத பணக்காரர் விஷயம் என்று எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் நினைத்தோம். 3 கிரெடிட் பாடம் ஒன்று அந்த நினைப்பை என்னிடமிருந்து எடுத்துப் போட்டது.

இரண்டாம் ஆண்டு டைப்போகிராஃபி, அதாவது அச்செழுத்துகளை அமைக்கும் பாடம், வந்தது. அதுதான் என்னை முதலில் அடித்தது. மாமாவிடம் வளர்ந்தவள், எழுத்து எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. ஒரே எழுத்துரு, ஒரே அளவு, தடிப்பும் கூடாது. இடைவெளியை மட்டும் வைத்து ஒரு பக்கத்தை அமைக்க வேண்டும் என்பது வேலை. நான் கடைசி இரவு அலங்காரமாக ஒன்றைச் செய்து கொடுத்தேன். விரிவுரையாளர் அளவுகளைக் கேட்டார். ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்ட், உன் வரிக்கும் வரிக்கும் எத்தனை பாயிண்ட்? எனக்குத் தெரியவில்லை, கண் பார்த்து வைத்திருந்தேன். செமஸ்டர் முடிவில் 'டி'. எங்கள் கல்லூரியில் துறைப் பாடங்களுக்கு 'சி' இல்லாமல் தேர்ச்சி கிடையாது.

ஒரு பாடம் போனால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் பாடத்தாளின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்த வரிசை கண்ணில் பட்டது. டைப்போகிராஃபி 1 முடித்தால்தான் டைப்போகிராஃபி 2. அது முடிந்தால்தான் நூல் வடிவமைப்பு. அதுவும் முடிந்தால்தான் இறுதியாண்டுத் திட்டம். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கும். ஒரு 'டி' ஓராண்டைத் தின்றுவிடும். நல்ல வேளையாக அந்த ஆண்டு குறுகிய செமஸ்டரில் அதை நடத்தினார்கள். அந்தப் பாடத்துக்கு மீண்டும் கட்டணம் கட்டி, விடுமுறைக்கு ஊருக்குப் போகாமல் படித்தேன். ஆகவே தாளைக் கையில் வாங்கியதும் பாடங்களை அம்புக்குறியால் இணைத்துப் பாருங்கள். நீளமான சங்கிலி எதுவோ அதில் இருக்கும் பாடங்களை உயிரைக் கொடுத்தாவது முதல் முறையிலேயே முடித்துவிடுங்கள். சங்கிலியில் இல்லாத பாடம் தவறினால் சமாளிக்கலாம்.

திரும்பப் படித்த அந்த எட்டு வாரம் எனக்குக் கிடைத்த சொத்து என்றே சொல்வேன். இறுதியாண்டில் மசாலாத்தூள் பொட்டலங்களை மலாய், தமிழ் என இரு மொழியிலும் அமைத்தேன். 10 பாயிண்ட் எழுத்துக்கு 12 பாயிண்ட் வரி இடைவெளி மலாய்க்கு அழகாக உட்கார்ந்தது. அதே அளவில் தமிழை வைத்தேன். மேல் வரியில் 'மிளகு', கீழ் வரியில் 'சீரகம்'. 'கு'வின் வால் இறங்கி 'சீ'யின் சுழியில் போய் முட்டியது. எழுத்துருவில் குறை என்று நினைத்து மூன்று எழுத்துரு மாற்றினேன். மூன்றிலும் முட்டியது. நம் எழுத்து வரிக்கு மேலேயும் ஏறும், கீழேயும் இறங்கும்; அதற்கு மூச்சுவிட இடம் வேண்டும். 15 பாயிண்ட் கொடுத்த பிறகுதான் இரண்டும் பிரிந்தன. மாமாவிடம் அந்தப் பொட்டலத்தைக் காட்டினேன். கட்டைவிரலை இரண்டு வரிக்கும் நடுவில் வைத்துப் பார்த்து, "நானும் இவ்வளவுதான் விடுவேன்" என்றார். அவர் அளவு சொல்லாமல் செய்ததை நான் எண்ணில் சொல்லக் கற்றிருந்தேன்.

இனி அந்தக் காலிக் கட்டத்துக்கு வருகிறேன்.

துறைப் பாடங்களோடு எம்.பி.யூ. எனப்படும் பொதுப்பாடங்களும் பட்டத்துக்குக் கட்டாயம். தனியார் கல்லூரிகளுக்கு 2013-இல் வந்தது. யூ1, யூ2, யூ3, யூ4 என்று நான்கு பிரிவு. யூ2-இல் மாணவர்கள் எடுக்கச் சில பாடங்கள் இருந்தன. என் தோழிகள் எடுத்ததையே நானும் எடுத்து 'பி' வாங்கினேன். கல்வி ஆலோசகர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். ஆனால் எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் இல்லாத மலேசிய மாணவர்களுக்கு யூ2-இல் பஹாசா கெபாங்சாஆன் ஏ என்ற மலாய்மொழிப் பாடம்தான். வேறு எதை எடுத்தாலும் அந்தக் கட்டம் நிரம்பாது. என் எஸ்.பி.எம். சான்றிதழின் நகல் முதல் நாளிலிருந்தே அவர்கள் கோப்பில் இருந்தது. மூன்றாண்டு யாரும் அதையும் என் பாடப்பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. கையேட்டில் அந்த விதி அச்சாகியிருந்தது. நானும் அந்தப் பக்கத்தைத் திறந்ததில்லை.

கூட்டினால் 120 வந்தது. பட்டம் கொடுப்பவர்கள் கூட்டிப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. ஒவ்வொரு கட்டமும் அதற்குரிய பாடத்தால் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். என் 3 கிரெடிட் தவறான கட்டத்தில் உட்கார்ந்திருந்தது.

துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு முறை நேரில் போனேன். அந்தப் பாடம் அடுத்த ஜனவரியில்தான் என்றார்கள். வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்ன ஒரு நிறுவனம் பட்டம் வரும்வரை தற்காலிகச் சம்பளம் என்றது. ஒப்புக்கொண்டேன். ஜனவரியில் சனிக்கிழமை வகுப்புக்குப் போய், முதலாண்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மலாயில் கட்டுரை எழுதினேன். விழா ஓராண்டு தள்ளிப்போனது. அம்மாவின் புடவை அந்துருண்டை வாசனையோடு அலமாரியில் கிடந்தது. யாராவது கேட்டால் "மகளுக்கு இன்னும் ஒரு பேப்பர் இருக்கு" என்று மட்டும் சொல்வார். அந்த ஒரு வரிக்கு மேல் அவரை யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று நான் ஊருக்கு வருவதையே குறைத்துக்கொண்டேன்.

மலாயில் கிரெடிட் கிடைக்காத பிள்ளைக்கு இரண்டு வழி உண்டு. எஸ்.பி.எம். மலாய்மொழித் தாளை மட்டும் மறுபடி எழுதிக் கிரெடிட் எடுத்துவிடலாம். அது அரசு வேலைக்கும் உதவும். இல்லையென்றால் பஹாசா கெபாங்சாஆன் ஏ-யை முதல் ஆண்டிலேயே எடுத்து முடித்துவிட வேண்டும். ஆலோசகர் சரி என்று சொன்னால் நன்றி சொல்லுங்கள். அதையே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலையும் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் சேர்ந்த ஆண்டின் கையேட்டையும் வைத்திருங்கள். பாடத்திட்டம் நடுவில் மாறினால், நீங்கள் எந்த ஆண்டுத் திட்டத்தின் கீழ் வருகிறீர்கள் என்று பேச அது ஒன்றுதான் சாட்சி.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டணம் கட்டுவதற்கு முன் அந்தப் படிப்பின் பெயர் எம்.கியூ.ஏ. பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது, படிப்பின் பெயர் இருக்க வேண்டும். பி.டி.பி.டி.என். 1997-இல் தொடங்கிய கடன். ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ரா, அதாவது சேவைக் கட்டணம். நான் படித்த காலத்தில் முதல் வகுப்பில் தேறினால் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்க முடிந்தது; இப்போது விதி என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாயம், தாள், அச்சு, மாதிரி செய்யும் அட்டை ஆகியவற்றுக்குத் தனியாக ஒதுக்குங்கள்; எந்தக் கட்டண அட்டவணையிலும் அது வராது. கடைசி செமஸ்டரில் அச்சுக்கு மட்டும் எனக்கு 640 வெள்ளி, அதாவது ரிங்கிட், போனது.

போன சனிக்கிழமை பக்கத்துத் தெருப் பெண் வந்தாள். படிவம் ஐந்து முடித்தவள். அப்பா மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். அவள் படக்கட்டில் 30 படம் இருந்தது. 22 நடிகர் முகங்கள், கைப்பேசியைப் பார்த்து வரைந்தவை. கை சுத்தம். ஆனால் நேர்காணலில் உட்காருகிறவர் இதையெல்லாம் அன்றைக்கே பத்துப் பேரிடம் பார்த்திருப்பார். கட்டின் அடியில் ஒரு பட்டறை பில் கிடந்தது. அதன் பின்பக்கம் பால்பாயிண்டால் ஒரு கார்புரேட்டரைக் கழற்றி வைத்தபடி வரைந்திருந்தாள். ஒவ்வொரு திருகும் தன் இடத்திலிருந்து கொஞ்சம் விலகி நின்றது. எது எதற்குள் போகும் என்று படத்தைப் பார்த்தே சொல்லலாம். இது எதற்கு என்று கேட்டேன். புதுப் பையனுக்குக் காட்டுவதற்கு அப்பா கேட்டாராம்.

அதை முதல் பக்கத்தில் வை என்றேன். பில்லை வெட்டாதே, பின்பக்கம் கணக்கு தெரிந்தாலும் பரவாயில்லை. இதைப்போல் நேரில் பார்த்து வரைந்தவை இன்னும் எட்டு வேண்டும். தவறிப்போன முதல் முயற்சிகளையும் பக்கத்திலேயே வை. நடிகர் முகங்களில் இரண்டு போதும்.

பிறகு அவள் கொண்டு வந்திருந்த பாடத்தாளை மேசையில் விரித்தோம். மலாயில் அவளுக்கு 'சி பிளஸ்'. யூ2-க்குப் பக்கத்தில் பென்சிலால் சரி போட்டாள். மூன்று அம்புக்குறி போட்டோம். பொருள் வடிவமைப்பு ஸ்டூடியோ 2 எந்த செமஸ்டரில் நடக்கும் என்று தாளில் எங்கும் இல்லை. அதைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, கல்லூரிக்கு மலாயில் மின்னஞ்சல் எழுத ஆரம்பித்தாள். அம்மா உள்ளிருந்து இரண்டு பேரையும் பசியாறக் கூப்பிட்டார். "அனுப்பிட்டு வரேன் பாட்டி" என்றாள்.